பெருவிரல் பட்டா ரீபூட்: டச் டிரைவரில் வரிசை தப்பின கதை

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோட்ல கர்னல் மாட்யூல் எப்படி லோடு ஆகுதுன்னு பேசினோம். டிரைவருக்குள்ள வரிசை தப்பினா என்ன ஆகும்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. அதுக்கு என்கிட்ட சொந்தக் கதையே ஒண்ணு இருக்கு. முன்னாடியே சொல்லிடறேன், இது நான் ஜெயிச்ச கதை இல்ல. தப்பு பண்ணது நான், திட்டு வாங்கினது வேற ஒருத்தங்க.

அப்போ நான் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம். கம்பெனி பேர் வேண்டாம். கையடக்க பில்லிங் மெஷின் செய்வோம். கடைகள்ல பாத்திருப்பீங்க, ஒரு கையில பிடிச்சு, திரையில தட்டினா மேல பில் வரும். உள்ள ஒரு ஆர்ம் ப்ராசஸர், லினக்ஸ், 5 அங்குல டச் திரை, கழட்டி மாட்டற பேட்டரி. என் வேலை போர்டு சப்போர்ட், அதாவது ஹார்ட்வேர்ல இருக்கிற ஒவ்வொரு சிப்பையும் லினக்ஸ் கூட பேச வைக்கிறது.

புகார் இப்படித்தான் வந்துச்சு: "மெஷின் ஆன் பண்ணா லோகோ வருது, போயிடுது, மறுபடி லோகோ வருது. இதையே பண்ணிட்டு இருக்கு. பேட்டரியைக் கழட்டி மாட்டினா சரியாயிடுது." முதல்ல ரெண்டு மூணு. அப்புறம் வாரத்துக்குப் பத்து. சர்வீஸ் சென்டருக்கு மெஷின் வரும்போது பேட்டரி தனியாத்தான் பேக் ஆகி வரும். மாட்டி ஆன் பண்ணிப் பார்ப்பாங்க, நல்லா ஓடும். "பழுது எதுவும் இல்லை"ன்னு எழுதித் திருப்பி அனுப்பிடுவாங்க. ஒரு வாரத்துல அதே மெஷின் திரும்பி வரும்.

பேட்டரியைக் கழட்டினா சரியாகுதுன்னா எல்லாருக்கும் முதல்ல தோணறது பவர்தானே? எனக்கும் அதுதான் தோணுச்சு. அதனால ஃபைல் போய் ஹார்ட்வேர் டீம் மேசையில உக்காந்துச்சு. அந்த டீம்ல ஒரு அக்கா. போர்டு டிசைன் அவங்களோடது. ஸ்டார்ட் ஆகும்போது சப்ளை வோல்டேஜ் சரியுதான்னு ஆசிலோஸ்கோப் வெச்சு நாள் கணக்கா பார்த்தாங்க. சரியல. ஆனாலும் மேல இருந்து அழுத்தம். சந்தேகத்துக்கு 40 போர்டுல கெபாசிட்டரை மாத்தினாங்க. மைக்ராஸ்கோப்புக்குக் கீழ, கையாலேயே, ராத்திரி பதினொரு மணி வரைக்கும். ஒரு மீட்டிங்ல மேனேஜர் அவங்களை நிக்க வெச்சு, "பவர் டிசைனை யார் ரிவ்யூ பண்ணாங்க?"ன்னு கேட்டார். அதே மீட்டிங்ல என்கிட்டயும் ஒரு கேள்வி வந்துச்சு: "சாஃப்ட்வேர்ல ஏதாவது மாறிச்சா?" நான் யோசிக்கக்கூட இல்ல. "எதுவும் மாறல சார்"னு சொன்னேன்.

மாறியிருந்துச்சு. ஒரே ஒரு வரி. அது மாற்றம்னே எனக்குத் தோணல, அவ்வளவுதான்.

அந்த வரிக்கு வர்றதுக்கு முன்னாடி, தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. ஒரு டிவைஸ் இருக்குன்னு கர்னலுக்குத் தெரிஞ்சதும், அதுக்கான டிரைவரோட ப்ரோப்னு ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும். அந்த ஒரு ஃபங்ஷன்லதான் எல்லா ஆரம்ப வேலையும் நடக்கும்: மெமரி ஒதுக்கணும், சிப்புக்குப் பவர் தரணும், ரீசெட் பண்ணணும், சிப் உயிரோட இருக்கான்னு ஐ-ஸ்கொயர்-சி லைன்ல கேட்டுப் பார்க்கணும், "டச் திரை ஒண்ணு வந்திருக்கு"ன்னு இன்புட் சப்சிஸ்டத்துல பதிவு பண்ணணும், இன்டரப்ட் கேட்டு வாங்கணும். இன்டரப்ட்ங்கறது காலிங் பெல் மாதிரி. விரல் பட்டதும் சிப் ஒரு கம்பியை லோ ஆக்கும், கர்னல் ஓடி வந்து நம்ம ஹேண்ட்லர் ஃபங்ஷனைக் கூப்பிடும்.

இதுல எல்லாரும் சறுக்கற இடம் ஒண்ணு இருக்கு. ரிக்வெஸ்ட் ஐஆர்க்யூன்னு ஒரு கால் பண்ணி இன்டரப்ட் வாங்கறோம் இல்ல, பேர்தான் ரிக்வெஸ்ட். அது "அப்புறமா கூப்பிடுங்க"ன்னு விண்ணப்பம் போடறது இல்ல. அந்த ஃபங்ஷன் திரும்பி வர்றதுக்கு முன்னாடியே உங்க ஹேண்ட்லர் ஓட ஆரம்பிச்சிருக்கலாம். பந்தி ரெடின்னு மைக்ல சொல்லிட்டு அதுக்கப்புறம் அடுப்பு பத்த வெச்சா எப்படி இருக்கும்? ஆளுங்க இலை முன்னாடி வந்து உக்காந்துடுவாங்க.

எங்களுக்கு டச் சிப் கூட வந்த டிரைவர்ல வரிசை இப்படி இருந்துச்சு. மெமரி ஒதுக்கும். பவர் ரெகுலேட்டர் கேட்கும். இன்டரப்ட் வாங்கும். அப்புறம் ரீசெட், அப்புறம் வெர்ஷன் படிக்கறது, கடைசியாத்தான் இன்புட் டிவைஸை உருவாக்கிப் பதிவு பண்றது. இன்டரப்ட் மூணாவது, இன்புட் டிவைஸ் கடைசி. நடுவுல இருக்கிற நேரத்துல ஹேண்ட்லர் ஓடினா, இன்னும் பிறக்காத ஒரு இன்புட் டிவைஸுக்குத் தகவல் அனுப்பப் பார்க்கும். அந்தப் பாயின்டர் அப்போ நல், அதாவது பூஜ்யம்.

நான் சேர்ந்த புதுசுல இந்த டிரைவர்ல வேற ஒரு பிரச்சினை இருந்துச்சு. சில தடவை பூட் ஆகும்போது வெர்ஷன் படிக்கற இடத்துல சிப் பதிலே சொல்லாது. டச் வேலை செய்யாது. மறுபடி பூட் பண்ணா சரியாயிடும். என்கிட்ட கொடுத்தாங்க. அரை மணி நேரத்துல முடிச்சேன்! ரீசெட்டுக்கு முன்னாடி எம்ஸ்லீப் 200. அதாவது 200 மில்லிசெகண்ட் சும்மா இரு. அதுக்கப்புறம் வெர்ஷன் ஒரு தடவைகூடத் தவறல. கமிட் மெசேஜ்ல "டச் நிலைத்தன்மை மேம்பாடு"ன்னு எழுதினேன். இப்போ படிச்சா காது சூடாகுது.

ஏன் 200ன்னு யாரும் கேக்கல. கேட்டிருந்தா என்கிட்ட பதில் இல்ல. 50 போட்டேன், பத்தல. 100 போட்டேன், எப்பவாவது தப்பிச்சு. 200ல நின்னுடுச்சு.

புகார் வந்து ஒரு மாசம் ஓடிடுச்சு. ஒருநாள் சர்வீஸ் பையன் கோயம்பேட்டுல ஒரு மொத்த வியாபாரக் கடைக்குப் போறான், அந்தக் கடையில இருந்து நாலு தடவை மெஷின் வந்தாச்சு. எனக்கு ஆபீஸ்ல உக்காந்து அலுத்துப்போய் கூடவே கிளம்பிட்டேன். கடைக்கார அண்ணாச்சி கோவமா இருந்தார். "தம்பி, நீங்க வந்தா மட்டும் ஒழுங்கா வேலை செய்யும், பாருங்க"ன்னு சொல்லிட்டே மெஷினை எடுத்தார். இடது கையில பிடிச்சார். பவர் பட்டன் பக்கவாட்டுல இருக்கு, அதை ஆள்காட்டி விரலால அழுத்திப் பிடிச்சார். பெருவிரல் எங்க போகும்? திரை மேல. அழுத்தமா, அசையாம.

லோகோ வந்துச்சு. போச்சு. மறுபடி வந்துச்சு.

எங்க லேப்ல மெஷின் எப்பவும் மேசை மேல மல்லாந்து கிடக்கும். பவர் பெஞ்ச் சப்ளையில இருந்து வரும். ஆன் ஆகும்போது திரையை யாரும் தொடறதே இல்ல. இத்தனை நாள் ஏன் எங்ககிட்ட ஒரு தடவைகூட வரலைன்னு அங்கேயே புரிஞ்சுபோச்சு. அண்ணாச்சியை விரலை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். அப்பவும் நிக்கல, லோகோ வந்து வந்து போயிட்டே இருந்துச்சு. பேட்டரியைக் கழட்டி, விரல் படாம ஆன் பண்ணா நல்லா வந்துச்சு. அது ஏன்னு மட்டும் அப்போ புரியல.

திரும்பி வந்ததும் ராம்ஊப்ஸை இயக்கினேன். ஃபீல்டுல இருக்கிற மெஷினுக்கு சீரியல் கேபிள் கிடையாது, செத்துப் போறப்ப கர்னல் என்ன சொல்லிட்டுப் போகுதுன்னு யாருக்கும் தெரியாது. ராம்ஊப்ஸ்ங்கறது ராம்ல ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கி வெச்சு, கடைசி லாகை அங்க எழுதிடும். பவர் போகாம ரீபூட் ஆனா, அடுத்த பூட்ல அதை எடுத்துப் படிக்கலாம். எங்க கர்னல்ல ஊப்ஸ் வந்தா உடனே பேனிக், பேனிக் வந்தா 5 நொடியில ரீபூட்னு செட் பண்ணியிருந்தோம். டச் டிரைவர் ஒரு மாட்யூல்ங்கறதால, ரிக்கவரி மோடுல அதை லோடு பண்ணாம பூட் பண்ணி லாகை எடுத்தேன். நல் பாயின்டர் டீரெஃபரன்ஸ். இடம்: டச் டிரைவரோட இன்டரப்ட் த்ரெட். நேரத்தைப் பார்த்தேன். ப்ரோப் ஆரம்பிச்சதுக்கும் செத்ததுக்கும் நடுவுல 80 சொச்சம் மில்லிசெகண்ட்.

என்னோட 200க்கு உள்ள.

உக்காந்து பேப்பர்ல வரிசையா எழுதினப்பதான் முழுசும் தெரிஞ்சுது. அந்த டச் சிப்புக்குப் பவர் தர்ற ரெகுலேட்டர், பிஎம்ஐசின்னு சொல்ற பவர் சிப்புக்குள்ள இருக்கு. அதுக்கும் தனி டிரைவர், அதுவும் மாட்யூல். பூட் ஆகும்போது ரெண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்துல லோடு ஆகும், யார் முந்துவாங்கன்னு உத்தரவாதம் இல்ல. டச் டிரைவர் முந்தினா, அது ரெகுலேட்டரைக் கேட்கும்போது கர்னல் மைனஸ் 517னு ஒரு பதில் தரும். ஈ-ப்ரோப்-டிஃபர். "நீ கேட்டது இன்னும் வரல, போய்ட்டு அப்புறம் வா"ன்னு அர்த்தம். இந்த ஏற்பாடு லினக்ஸ் 3.4ல, 2012ல வந்துச்சு, கிராண்ட் லைக்லி கொண்டுவந்தது. அதுக்கு முன்னாடி எந்த டிரைவர் முதல்ல வரணும்னு இனிட்கால் லெவலை மாத்தியும், மேக்ஃபைல்ல பேரை மேல கீழ நகர்த்தியும் ஒப்பேத்திட்டு இருந்தாங்க. டிரைவர் செய்ய வேண்டியது ஒண்ணுதான், அந்த 517ஐ அப்படியே திருப்பிக் கொடுத்துட்டு வெளிய வரணும். கர்னல் அந்த டிவைஸைக் காத்திருப்போர் பட்டியல்ல போடும். வேற ஏதாவது டிரைவர் வெற்றிகரமா வந்து சேர்ந்ததும் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கும்.

எங்க டிரைவர் என்ன பண்ணுச்சு தெரியுமா? 517 வந்தா, "ரெகுலேட்டர் கிடைக்கல"ன்னு ஒரு வார்னிங் பிரிண்ட் பண்ணிட்டு மேல போயிட்டே இருந்துச்சு. பவரே இல்லாத சிப்கிட்ட வெர்ஷன் கேட்டுச்சு. அது எப்படிப் பதில் சொல்லும்? நான் போட்ட 200 மில்லிசெகண்ட்ல, பக்கத்துல பிஎம்ஐசி டிரைவர் லோடு ஆகி அந்தப் பவர் லைனை ஆன் பண்ணிடும். அதனாலதான் "சரியாச்சு". நான் சிப்புக்கு நேரம் கொடுத்ததா நெனச்சேன். உண்மையில இன்னொரு டிரைவர் வர்றதுக்கு நேரம் கொடுத்திருக்கேன்.

இப்போ விரலை வெச்சுப் பாருங்க. இன்டரப்ட் ஏற்கனவே வாங்கியாச்சு. நான் தூங்கறேன். அந்தத் தூக்கத்துல பவர் வருது. சிப் தானே எழுந்திரிக்குது, திரையை ஸ்கேன் பண்ணுது, பெருவிரல் இருக்கு, கம்பியை லோ ஆக்குது. ஹேண்ட்லர் ஓடுது. இன்புட் டிவைஸ் இல்ல. செத்துச்சு. என் வரி இல்லாதப்போ அந்த ஓட்டை ரொம்பச் சின்னதா இருந்துச்சு. நான்தான் அதை ஆள் நுழையற அளவுக்குப் பெருசாக்கினேன்.

விரலை எடுத்தும் ஏன் நிக்கலைங்கறதுக்கும் விடை அதே பேப்பர்ல இருந்துச்சு. இந்தச் சிப், நாம "படிச்சுட்டேன்"னு திருப்பி எழுதற வரைக்கும் கம்பியை லோவாவே பிடிச்சு வெச்சிருக்கும். ஹேண்ட்லர்ல அதை எழுதறது கடைசி வரி. அங்க போறதுக்குள்ள கர்னல் விழுந்துடுது. ரீபூட் ஆகும்போது ப்ராசஸர் மட்டும்தான் ரீசெட் ஆகும், பிஎம்ஐசி பவரை விடாது, டச் சிப் பழைய கம்பியைப் பிடிச்சபடியே உக்காந்திருக்கும். எங்க இன்டரப்ட் லெவல் வகை, லோவா இருக்கிற வரைக்கும் அடிச்சுட்டே இருக்கும். அடுத்த பூட்ல இன்டரப்ட் வாங்கின கணமே பெல். மறுபடி சாவு. பேட்டரியைக் கழட்டினாத்தான் டச் சிப்புக்குப் பவர் போகும், அது மறக்கும். அக்காவோட கெபாசிட்டருக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.

இங்கேயும் நான் உடனே ஒழுங்கா சரிபண்ணிடல. முதல்ல சுலபமா ஒண்ணு தோணுச்சு: லெவலுக்குப் பதிலா எட்ஜ் வகைக்கு மாத்திட்டா? கம்பி ஹைல இருந்து லோவுக்கு இறங்கற அந்தத் தருணத்துல மட்டும் அடிக்கும். மாத்தினேன். ரீபூட் சுழல் நின்னுச்சு! பத்து நிமிஷம் சந்தோஷமா இருந்தேன். அப்புறம் ஒரு மெஷின்ல டச் சுத்தமா வேலை செய்யல. நாங்க இன்டரப்ட் வாங்கறதுக்கு முன்னாடியே கம்பி இறங்கிட்டா, இனிமே இறங்கறதுக்கு எதுவும் இல்ல. சிப் நமக்காகக் காத்திருக்கு, நாம சிப்புக்காகக் காத்திருக்கோம். அதைத் தூக்கிப் போட்டேன்.

சரியான வேலை, கடைசியில, பழைய வரிகளை எடுத்து இடம் மாத்தறதுதான். இன்புட் டிவைஸுக்கு மெமரி ஒதுக்கறது முதல்ல வந்துச்சு. அடுத்து ரெகுலேட்டர். 517 வந்தா வாயை மூடிட்டு அதைத் திருப்பிக் கொடு. கிடைச்சா ஆன் பண்ணு, டேட்டாஷீட் சொல்ற நேரம் காத்திரு, ரீசெட், வெர்ஷன். அப்புறம் பழைய ஞாபகம் எதுவும் இருந்தா அழிக்கற மாதிரி "படிச்சுட்டேன்"ஐ ஒரு தடவை எழுது. அப்புறம் இன்புட் பதிவு. எல்லாத்துக்கும் கடைசியா இன்டரப்ட். என் எம்ஸ்லீப் 200 குப்பைக்குப் போச்சு.

காத்திருப்பே தப்புன்னு நான் சொல்ல வரல. ரீசெட் கம்பியை இத்தனை மில்லிசெகண்ட் லோவா வெச்சிருன்னு டேட்டாஷீட்ல போட்டிருந்தா வெச்சுத்தான் ஆகணும். அந்த எண் எங்க இருந்து வந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதிடுங்க, அவ்வளவுதான். எங்க இருந்தும் வராத எண்ணைப் பார்த்தா, அதுக்குப் பின்னாடி வேற ஒருத்தருக்காகக் காத்திருக்கோமோன்னு எனக்கு இப்பல்லாம் சந்தேகம் வரும்.

ஒரு சின்னத் திருத்தம், யாராவது மெயில் போடறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். இன்புட் டிவைஸை பதிவு பண்றதுக்கு முன்னாடியே இன்டரப்ட் வந்தாலும் பெரிசா ஒண்ணும் ஆகாது. ஒதுக்கி மட்டும் இருந்தாப் போதும், அந்தத் தகவல் யாருக்கும் போய்ச் சேராது, ஆனா சாகாது. இன்புட் கோட்லயே கமெண்ட்ல அப்படி எழுதியிருக்காங்க. ஒதுக்காமலே இருந்ததுதான் எங்க பிரச்சினை. இன்டரப்டை வாங்கி வெச்சு, ஆனா அடிக்க விடாம வெச்சிருக்கவும் 2021ல ஒரு ஃப்ளாக் வந்திருக்கு, நோ ஆட்டோஎன்-னு. வேற வழி இல்லாத டிரைவருக்கு அது உதவும். வரிசையை மாத்த முடிஞ்சா மாத்திடுங்க.

வரிசை எவ்வளவு விசித்திரமா இருக்கலாம்ங்கறதுக்கு குடிக்ஸ் ஜிடி911ஐப் பாருங்க. ரொம்பப் பரவலா இருக்கிற டச் சிப். அதுல ரீசெட்டை விடும்போது இன்டரப்ட் கம்பி எந்த நிலையில இருக்கோ, அதை வெச்சுத்தான் சிப் தன்னோட ஐ-ஸ்கொயர்-சி முகவரியையே முடிவு பண்ணும். லோவா இருந்தா ஹெக்ஸ் கணக்குல 5டி, ஹையா இருந்தா 14. அதாவது இன்டரப்ட் கம்பியை முதல்ல நாம அவுட்புட்டா ஓட்டணும், ரீசெட்டை விடணும், அப்புறம் அதையே இன்புட்டா மாத்தணும், அதுக்கப்புறம்தான் இன்டரப்ட் வாங்கலாம். லினக்ஸ்ல இருக்கிற குடிக்ஸ் டிரைவரைத் திறந்து படிங்க, பாடமா இருக்கும். அதுலயும் இன்புட் பதிவுக்கு அப்புறம்தான் இன்டரப்ட்.

மூடும்போதும் இதே தலைவலி, தலைகீழா. டெவ்எம் ஃபங்ஷன்கள் வாங்கினதை எல்லாம் தலைகீழ் வரிசையில தானே விட்டுடும், நல்ல விஷயம். ஆனா அதெல்லாம் உங்க ரிமூவ் ஃபங்ஷன் முடிஞ்ச அப்புறம்தான் நடக்கும். ரிமூவ்ல கையால பவரை ஆஃப் பண்ணிட்டா, இன்டரப்ட் இன்னும் உயிரோட இருக்கும்போதே சிப் செத்துடும், கம்பி லோவுக்கு இறங்கும், லெவல் இன்டரப்ட் நிக்காம அடிக்கும். பவர் ஆஃப் பண்றதையும் டெவ்எம் ஆக்‌ஷனா, பவர் ஆன் பண்ற இடத்துலயே பதிவு பண்ணிடுங்க. இதையும் நான் அனுபவிச்சுத்தான் கத்துக்கிட்டேன். அது இன்னொரு நாள்.

டிரைவரை மாத்தி முடிச்ச சாயங்காலம் அக்கா மேசைக்குப் போனேன். "அக்கா, அது போர்டு இல்ல. என் வரி"ன்னு சொன்னேன். அவங்க கையில இருந்த சால்டரிங் அயர்னை ஸ்டாண்டுல வெச்சாங்க. "தெரியும் தம்பி. ஸ்கோப்ல சப்ளை ஒரு தடவைகூட சரியல. ஆனா நீதான் எதுவும் மாறலைன்னு சொன்னியே."

எனக்குப் பதில் வரல. அன்னைக்கு ராத்திரி, அந்த மீட்டிங்ல இருந்த எல்லாருக்கும் மெயில் போட்டேன். எந்த கமிட், எந்தத் தேதி, யார் பேர்ல, ஏன் பவர் டிசைன்ல தப்பு இல்லைங்கறது வரைக்கும். மேனேஜர் பதில்ல "நன்றி, எப்போ ரிலீஸ்?"னு மட்டும் கேட்டிருந்தார். மீட்டிங்ல நிக்க வெச்சுக் கேட்டதை மெயில்ல உக்காந்து வாபஸ் வாங்க முடியுமா என்ன.

ரிலீஸுக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணணும். ராத்திரி முழுக்க யார் பெருவிரலை வெச்சுட்டு உக்கார்றது? அதுக்கு வழி சொன்னது அக்காதான். திரை மேல ஒரு துண்டு செப்பு நாடா ஒட்டி, அதை ஒரு ஒயர்ல கிரவுண்டோட சேர்த்தாங்க. டச் சிப்புக்கு அது விரல்தான். பவருக்கு ஒரு ரிலே போட்டு, 500 தடவை ஆன், ஆஃப். பழைய டிரைவர் மூணாவது தடவையே சுழல்ல மாட்டிக்கிச்சு. புதுசு காலையில நான் வரும்போது 500ல நின்னுட்டு இருந்துச்சு, ஒரு ஊப்ஸ் இல்ல.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்தாச்சு. செப்பு நாடா டெஸ்ட் இன்னும் லிஸ்ட்ல இருக்குன்னு போன மாசம் அக்கா மெசேஜ் பண்ணியிருந்தாங்க. அதுக்கு அவங்க வெச்சிருக்கிற பேர் "அண்ணாச்சி டெஸ்ட்".

சரி மக்களே, அடுத்த எபிசோட்ல அந்த ரிமூவ் கதை. கேள்வி இருந்தா அனுப்புங்க, டிரைவர் கோடு ஒட்டி அனுப்பினா இன்னும் நல்லது, ப்ரோப் ஃபங்ஷனை முழுசா அனுப்புங்க. பார்ப்போம்.